படகு எஞ்சினுக்குப் பெட்ரோல் குழாய்

கடலைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் ஊர்க்காரர்கள் கணவாய் தாண்டிக் கொச்சிக்கு ரயிலேற வேண்டும். ஆறு மழைக்கு வந்து முகம் காட்டிவிட்டுப் போகும். மற்றபடி தண்ணீர் என்பது கிணற்றுக்குள், எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிற ஆழத்தில் கிடக்கும். அப்பேர்ப்பட்ட ஊருக்குப் படகு எஞ்சின் வாங்கிக்கொண்டு வந்த முதல் ஆள் நான். எனக்குப் பிறகு யாரும் வாங்காததால் கடைசி ஆளும் நான்தான்.

கொச்சிக் காயலில் ஒரு துரை பந்தயம் விட்ட படகு அது. படகு எதன் மேலோ மோதி உடைந்தது, துரை சீமைக்குப் போனார், எஞ்சின் மட்டும் பிழைத்தது. "குதிரை மாதிரிங்க, பிடிச்சா நிக்காது" என்றார் தரகர். நிற்காத குதிரையை வாங்குகிறவன் எப்படிப்பட்டவன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அப்போது நாற்பது தாண்டித் தொந்தி விழுந்திருந்தது. அந்த வயதில் சிலருக்குப் பக்தி வரும். எனக்கு எஞ்சின் வந்தது.

மதுக்கரைப் பக்கம் எங்கள் தோட்டம். மிளகாய் போட்டிருந்தேன். அதுவரை ஒரு ஜோடிக் காங்கேயம் காளைகள்தான் கவலை இழுத்து, அதாவது கிணற்று மேட்டில் முன்னும் பின்னும் நடந்து வடம் இழுத்து, தோல் சாலில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தன. எங்கள் மகளின் காதுகுத்துக்கு என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், தாய்மாமன் சீராக ஓட்டிவந்து கட்டிய காளைகள். என் மனைவி அவற்றுக்குப் பருத்திக்கொட்டை அரைத்து வைத்த பிறகுதான் எனக்குச் சோறு போடுவாள். போத்தனூர் ஸ்டேஷனிலிருந்து எஞ்சினை வண்டியில் இழுத்து வந்ததும் அதே காளைகள்தான். தங்கள் வேலைக்கு வந்த ஆளைத் தாங்களே அழைத்து வந்தன.

எஞ்சின் வந்த அன்றே நான் வாயை விட்டேன். "இனி மாடு எதுக்கு? சித்திரைத் தேர்ச் சந்தைக்கு ஓட்டிப்போடலாம்."

என் மனைவி அழவில்லை, சண்டை போடவில்லை. "சரிங்க. உங்க எஞ்சினு ஒரே பகல்ல மொளகாத் தோட்டம் பூராவும் நனைச்சுப்போட்டா ஓட்டிக்குங்க. இல்லீன்னா மாட்டுப் பேச்சே எடுக்கப்படாது" என்றாள். நான் சரி என்றேன். சேதி மச்சானுக்குப் போயிற்று. சீராக வந்த மாட்டைச் சந்தையில் விற்றால் அவர் ஊரில் தலைகாட்ட முடியாது. அதனால் அவர் வண்டி கட்டிக்கொண்டு வந்து, வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கிணற்றில் பாதி ஆழத்தில் பாறையை வெட்டி ஒரு மேடை செய்து, கயிறு கட்டி எஞ்சினையும் பம்பையும் இறக்கினோம். அடுத்து நான் படியில் பக்கவாட்டாக இறங்கினேன். எஞ்சினை இறக்குவது சுலபமாக இருந்தது. பெட்ரோல் டாங்கியைத் தினமும் கீழே சுமக்க யாரும் சம்மதிக்காததால் அதைக் கிணற்று மேட்டிலேயே வைத்தேன். அங்கிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் வரக் குழாய் வேண்டும்.

கோயமுத்தூர் கோட்டைமேட்டில் செம்புக் குழாய் பற்றவைக்கும் பாய் ஒருவர் கடை வைத்திருந்தார்.

"என்ன எஞ்சினுங்க?"

"படகு எஞ்சின்."

"படகு எங்க நிக்குதுங்க?"

"கிணத்துக்குள்ள."

பாய் சுத்தியலைக் கீழே வைத்தார். "கிணத்துக்குள்ள படகு உட்டு எந்த ஊருக்குங்க போறீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். சிரித்து முடித்து, "அளவு என்னங்க?" என்றார். எனக்கு அளவு தெரியவில்லை. தெரியாது என்று சொல்லும் பழக்கமும் இல்லை. "நல்லா மெலிசா, நேர்த்தியா இருக்கட்டும்" என்றேன், ஏதோ சங்கிலி வாங்குவது போல. பென்சில் பருமனில் ஒன்று கொடுத்தார்.

அதை மாட்டி எஞ்சினைக் கிளப்பினேன். கிளம்பியது. பம்பை இணைத்ததும் தண்ணீரும் மேலே வந்தது, ஆனால் விரல் தண்டிக்கு. வேகம் கூட்டும் கைப்பிடியை எவ்வளவு தள்ளினாலும் அதே நடை. இன்னும் தள்ளினால் இருமியது.

மச்சான் வாய்க்காலை எட்டிப் பார்த்தார். "ஏனுங்க மாப்பிளை, எஞ்சினு தண்ணி எறைக்குதுங்களா, இல்லீன்னா ஒண்ணுக்கு உடுதுங்களா?"

மானம் போயிற்று. எஞ்சினை அந்தக் கணமே நிறுத்தினேன். பந்தயப் படகை ஓட்டிய எஞ்சினுக்குப் பென்சில் குழாயில் பாலூட்டினால் எப்படி ஓடும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் விவசாயம். வாய்க்கால் அகலமாக இருந்தால் தண்ணீர் நிறையப் போகும். மறுநாளே பாயிடம் போய், கடையிலேயே பருமனான குழாயைக் கேட்டேன்.

"இதுல பெருச்சாளி பூந்து வருங்களே?"

"வரட்டும், குடுங்க."

பெருச்சாளி வரவில்லை, பெட்ரோல் வந்தது. மேட்டிலிருந்து அத்தனை ஆழத்துக்குப் பாரத்தோடு இறங்கி, எஞ்சினின் வாயை முட்டி, வழிந்து, மேடையெல்லாம் ஓடியது. எஞ்சின் கரும்புகை விட்டு ஒரு தரம் குலுங்கி நின்றது. மேலே மச்சான் சுருட்டைப் பற்றவைக்கப் போனார். நான் கீழேயிருந்து போட்ட கூச்சலில் பக்கத்துத் தோட்டத்து நாய்கள் கூடக் குரைத்தன. அன்று முதல் அவர் சுருட்டைப் பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்தக் கோபத்தையும் என் கணக்கில்தான் எழுதினார்.

இரண்டு நாள் மேடையில் குந்தி யோசித்தேன். குழாய் பருத்தது பாதித் தப்பு, டாங்கியை அவ்வளவு உயரத்தில் வைத்தது மீதித் தப்பு. டாங்கியை இறக்கி, எஞ்சினுக்கு மேலே கை எட்டும் உயரத்தில் வைத்தேன். அதைவிட முக்கியமான ஒன்றும் உறைத்தது: எஞ்சின் எவ்வளவு குடிக்கும் என்று பார்க்காமலே நான் குழாய் வாங்கியிருக்கிறேன். பெண்ணின் கையைப் பார்க்காமல் வளையல் வாங்குகிற மாதிரி.

ஒரு சீசாவில் பெட்ரோல் ஊற்றி, அதிலிருந்து நேராக எஞ்சினுக்குக் கொடுத்து, முழு வேகத்தில் சீசா காலியாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தில் பார்த்தேன். டாங்கியிலிருந்து குழாய் வழியாக அதே சீசா நிரம்ப அதில் பாதி நேரம்தான் ஆக வேண்டும். அப்போதுதான் எஞ்சின் எவ்வளவு அவசரப்பட்டாலும் குழாய் பின்தங்காது. பாயிடம் மூன்றாம் முறை போனேன். சீசாவோடு போனதால் அவர் வேறு மாதிரி நினைத்துக்கொண்டார். கடைசியில் சுண்டுவிரல் பருமனில் ஒரு குழாய் பொருந்தியது. எனக்கு எஞ்சினியர் பட்டம் யாரும் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.

பந்தய நாள் காலை, என் மனைவி காளைகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு எண்ணெய் தடவி, புது மணிக்கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் எதுக்கு?"

"சந்தைக்குப் போற மாடு லச்சணமாப் போகோணுமுங்க" என்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. காளை ஒன்று அவள் தோளை நக்கிக்கொண்டிருந்தது. எனக்கு என்னவோ போலிருந்தது. ஆனால் சொன்ன சொல் இருக்கிறதே; படியிறங்கிவிட்டேன்.

எஞ்சின் கிளம்பிய சத்தத்தில் கிணற்றுப் புறாக்கள் மொத்தமாகப் பறந்தன. தண்ணீர் தொடைப் பருமனில் பாய்ந்தது. வாய்க்கால் தாங்காமல் இரண்டு இடத்தில் கரை உடைந்து, ஆட்கள் மண்வெட்டியோடு ஓடினார்கள். மச்சான் கட்டிலை விட்டு எழுந்தே விட்டார். வாயிலிருந்து சுருட்டு விழுந்தது. அதைப் பார்க்க வேண்டும் என்றுதானே இத்தனை பாடு! நான் கைப்பிடியை இன்னும் தள்ளினேன். இன்னும் கொஞ்சம். தண்ணீர் இன்னும் பொங்கியது. கடைசி வரை தள்ளினேன்.

திடீரென்று எஞ்சின் கீச்சென்று கத்தியது. மேலே தண்ணீருக்குப் பதில் காற்று சீறியது. அவசரமாக நிறுத்திவிட்டுக் கீழே குனிந்து பார்த்தேன். கிணற்றில் தண்ணீர் இல்லை. சேற்றில் தவளைகள் என்னை அண்ணாந்து பார்த்தன. நடுவில் என் மனைவி எப்போதோ தவறவிட்ட பித்தளைச் சொம்பு மினுங்கியது.

காயலுக்குச் செய்த எஞ்சினுக்குச் சரியான குழாயைத் தேடித் தேடிக் கண்டுபிடித்தவன், கிணற்றில் எவ்வளவு ஊறும் என்று ஒரு தரம் யோசிக்கவில்லை. தோட்டத்தில் கால்வாசி நனைந்திருந்தது. கிணறு மறுபடி ஊற மறுநாள் விடிய வேண்டும்.

மேலே ஏறி வந்தேன். யாரும் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சிரிப்பார்கள். மச்சான்தான் தொண்டையைக் கனைத்தார்.

"எஞ்சினு நெம்ப நல்ல எஞ்சினுங்க மாப்பிளை. பத்து வருசமாத் தேடுன சொம்பை எடுத்துக் குடுத்துருச்சே."

சாப்பாட்டின்போது என் மனைவி அரிசிம்பருப்புச் சோற்றில் இன்னொரு கரண்டி நெய் விட்டாள். தோற்றவனுக்குத்தான் அவ்வளவு நெய் கிடைக்கும்.

"கைப்பிடியைக் கொறைச்சு வெச்சு ஓட்டினாச் சரியாப் போயிரும்" என்றேன்.

"கைப்பிடி கைக்கு எட்டற தூரத்துல இருந்தா நீங்க தள்ளாம இருப்பீங்களாங்க?"

மச்சான் சோற்றைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். நானும் யோசித்துப் பார்த்தேன். இருக்க மாட்டேன். ஆகவே சாயங்காலமே அந்தச் சுண்டுவிரல் குழாயைக் கழற்றி, பழைய பென்சில் குழாயை மாட்டினேன். மூக்கணாங்கயிறு எஞ்சினுக்கா எனக்கா என்று கேட்காதீர்கள்.

கிணறு நிரம்பியதும் மறுபடி ஓட்டினோம். விரல் தண்டித் தண்ணீர் என்று முதல் நாள் கேலி செய்தோமே, அது காலையில் தொடங்கி இடைவிடாமல் வந்துகொண்டே இருந்தது. இறைக்க இறைக்கக் கிணறும் ஊறிக்கொண்டே இருந்தது. நான் பழக்க தோஷத்தில் கைப்பிடியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எஞ்சின் இருமியதே தவிர நடையை மாற்றவில்லை. பொழுது இறங்கும் நேரத்தில் கடைசிப் பாத்தி நனைந்தது. ஒரே பகல். தோட்டம் பூராவும். எந்தப் பகல் என்று பந்தயத்தில் யாரும் சொல்லியிருக்கவில்லை.

காளைகள் கட்டுத்தறியில் அசைபோட்டுக்கொண்டிருந்தன. மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சொன்னாச் சொன்னதுதானுங்க மாப்பிளை. நாளைக்கே ஓட்டிக்குங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்." சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் காலி பெட்ரோல் தகரங்களைக் கொட்டகை ஓரம் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தாராளமா ஓட்டலாமுங்க" என்றாள். "ஒரு பகலைக்கே எத்தனை தகரம் குடிச்சிருக்குது பாருங்க. பெட்ரோலு கோயமுத்தூர்லதானுங்களே விக்குது? இனிமேலு நீங்க தலையில தூக்கிட்டு வாரீங்களா, இல்லீன்னா எங்கண்ணன் தூக்கிட்டு வாரதுங்களா?"

மச்சான் திரும்பினார். என் தலையைப் பார்த்தார், தொந்தியைப் பார்த்தார், தகரங்களைப் பார்த்தார். "எனக்கு இடுப்பு வலிங்க" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் எஞ்சின்தான் தண்ணீர் இறைத்தது. அதற்குப் பெட்ரோல் கொண்டுவரக் காளைகள் நடந்தன. கவலை இழுப்பதைவிட அது லேசான வேலை என்பதால் இரண்டும் மினுமினுவென்று கொழுத்தன. வண்டியில் முன்னால் நான் உட்காருவேன். பெட்ரோல் கடைக்கு முன்னால் அவை தாமாகவே நின்றுவிடும். பாய் சொல்லிக் கதை தெரிந்திருந்த கடைக்காரர் வெளியே வந்து காளைகளின் நெற்றியைத் தடவிவிட்டு, அப்புறம்தான் என்னைக் கேட்பார்: "வாங்க, கிணத்துல படகு எது வரைக்கும் போயிருக்குதுங்க?"