பேச்சியம்மாவின் நாற்று வரிசை

மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருந்தவரை அழகம்மாவின் கையைப் பற்றிக் கங்காணியே பெருமையாகப் பேசுவான். மற்றவர்கள் பாதிக் கூடை பறிப்பதற்குள் அவள் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு மறுபடி மலையேறிவிடுவாள். அவளுடைய கொழுந்தன் ராசுவின் பெண்டாட்டி பேச்சியம்மாவுக்கோ எடை எப்போதும் குறைவு. ஏச்சு விழும்போலத் தெரிகிற நாட்களில் அழகம்மா தன் கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளி அவள் கூடையில் போடுவாள். அப்படிக் கொடுக்கிற இடத்தில் இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குத் தீ வைத்தார்கள். இரண்டு குடும்பமும் உடுத்த துணியோடு வன்னிக்கு வந்து, கனகராயன்குளத்துக்கு அப்பால் காடு வெட்டிக் கொட்டில் போட்டன. ஆண்கள் விறகு வெட்டவும் வேலியடைக்கவும் போனார்கள். பெண்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியிருந்த ஜெகதீஸ்வரியின் வயலில் களை பிடுங்கினார்கள்.

அந்த ஊரில் பெரும்பாலும் நெல்லை வீசி விதைப்பதுதான் வழக்கம். எண்பதாம் ஆண்டுச் சிறுபோகச் சாகுபடியில் ஜெகதீஸ்வரி குளத்தங்கரை வயலில் மட்டும் நாற்று நட்டுப் பார்க்க நினைத்தாள். கயிறு கட்டி, இரண்டு மூன்று குத்து நாற்றைத் தானே ஊன்றிக் காட்டினாள்.

"இப்பிடித்தான். பழகப் பழகக் கை வந்திடும்" என்றாள்.

அழகம்மாவுக்கு வரவில்லை. தேயிலையில் நிமிர்ந்து நின்று, கண்ணை முன்னால் வைத்து, மேல்நோக்கி ஏறிப் பழகிய உடம்பு அது. இங்கே குனிந்து பின்னால் போக வேண்டியிருந்தது. நாற்றை ஊன்றிய கையோடு காலை எடுத்தால் சேற்றுக்குழி நாற்றை இழுத்துக்கொண்டது. காலை முதலில் எடுத்தால் கை எட்டவில்லை. அவள் நட்டதில் பாதி தண்ணீரில் மிதந்தது.

பக்கத்து வரிசையில் பேச்சியம்மா போய்க்கொண்டிருந்தாள். இடது கை நாற்றைப் பிரித்துக் கொடுக்க, வலது கை வாங்கி ஊன்ற, அதற்குள் கால் தானாகவே ஒரு சாண் பின்வாங்கியிருக்கும். ஊர்க்கதை பேசிக்கொண்டேதான் நட்டாள்.

"எல்லாரும் பேச்சியைப் பாத்து நடுங்கோ" என்றாள் ஜெகதீஸ்வரி வரம்பில் நின்று.

அன்று மாலை அழகம்மா கிணற்றடி ஈரத்தில் வைக்கோல் துண்டுகளை ஊன்றிப் பழகிப் பார்த்தாள். விரலைக் கவனித்தால் கால் பிசகியது. காலைக் கவனித்தால் விரல் பிசகியது. அடுத்த நாள் அவள் வரிசையில் விழுந்திருந்த இடைவெளியைக் கண்டு பேச்சியம்மா எட்டி, "இரு அக்கா, நான் ரெண்டு குத்து போட்டுர்றேன்" என்று நட்டுவிட்டுப் போனாள். நல்ல மனதோடுதான் செய்தாள். அதுதான் அழகம்மாவுக்கு நெஞ்சில் தீயாக எரிந்தது.

மதியம் கஞ்சி குடித்துவிட்டு இறங்கும்போது அவள் கேட்டாள்.

"ஏம்புள்ள, நீ மொதல்ல கால எடுப்பியா, கைய எடுப்பியா?"

பேச்சியம்மா சிரித்தாள். "தெரியலையேக்கா. இரு, பாத்துச் சொல்றேன்."

குனிந்து தன் காலைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். ஊன்றப் போன நாற்று அந்தரத்தில் நின்றது. பிறகு ஊன்றினாள், கால் அதன்மேலேயே விழுந்தது.

அழகம்மா அதைப் பார்த்தாள். முதல் தடவை அறியாமல் கேட்டது. அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் அறிந்தே கேட்டது.

"பெருவெரல மடக்கியா வைக்கிற?"

"எந்தக் கால்ல பாரம் குடுக்கிற?"

கேட்கக் கேட்கப் பேச்சியம்மா பதில் சொல்வதற்காகத் தன்னையே உற்றுப் பார்த்தாள். கதை நின்றது. வரிசை கோணியது. நாற்று மிதந்தது.

"என்ன பேச்சி, நேற்றுவரைக்கும் நல்லாத்தானே நட்டனீர்?" என்றாள் ஜெகதீஸ்வரி. "நீர் நாளைக்கு நாத்து முடியைத் தூக்கிக் கொண்டந்து போடும். நடுகை மற்றவை பாக்கட்டும்." திரும்பும்போது அவள் கண் பக்கத்து வரிசையில் விழுந்தது. "அட, அழகம்மா! உம்மட நிரை நல்லா வந்திருக்கு."

அழகம்மா நிமிர்ந்து பார்த்தாள். கயிறு பிடித்ததுபோல நாற்றுகள் நின்றன. பேச்சியம்மாவின் கை தடுமாறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்ததில் அவள் தன் கையை மறந்துவிட்டிருந்தாள். அந்த மறதியில் கையும் காலும் தாங்களாகவே இணங்கிப் போயிருந்தன.

ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் பேச்சியம்மா தலையில் நாற்றுமுடி சுமந்து வரம்பில் வழுக்கி வழுக்கி வரும்போது, தன் கால் நன்றாகப் போவதை யாருக்குக் காட்டுவது என்று தெரியவில்லை.

நடுகைக்கு வந்த ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தது. பேச்சியம்மாவை இறங்கச் சொன்னார்கள். அவள் நாற்றைப் பிடித்தபடி நின்றாள்.

"என்னால முடியாதுக்கா. கை மறந்துருச்சு."

மறந்தபோதுதான் தன் கை வந்தது என்பது அழகம்மாவுக்கு நினைவு வந்தது. வாய்க்கு வந்த ஒரு சண்டையைத் தொடங்கினாள். "என் வெள்ளாட்ட ஒங்க வேலிக்குள்ள கட்டி பால் கறந்தது யாரு? ராசுதானே?"

"யாருக்கா சொன்னது?" பேச்சியம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "அந்த ஆடு தானா வந்து எங்க பூசணிக்கொடிய முழுசாத் தின்னுச்சு, தெரியுமா?"

பூசணிக்கொடி போய், பழைய அரிசிச் சட்டி வந்து, கல்யாணத்தன்று யார் முகத்தைத் திருப்பினார்கள் என்பதுவரை வந்தது. ஏசிக்கொண்டே பேச்சியம்மா பின்னால் போனாள். அவள் கை நடுவதை அவள் பார்க்கவே இல்லை.

மதியத்துக்குள் அவள் அழகம்மாவைத் தாண்டிவிட்டாள்.

அழகம்மா சண்டையை அத்தோடு விட்டாள். பழைய எரிச்சல் அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்தது. இன்னொரு கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கிவிட்டுக் குனிந்தாள்.

பிறகு வந்த போகங்களில் இருவரையும் சேர்த்தே நடுகைக்குக் கூப்பிட்டார்கள். பேச்சியம்மா ஒருநாளும் எதையும் சந்தேகித்ததாகத் தெரியவில்லை. வயலில் இறங்கும்போது அழகம்மா எப்போதும் அவளுக்கு அடுத்த வரிசையையே கேட்டு வாங்குவாள். "அக்கா தங்கச்சி மாதிரி ஒற்றுமை" என்று ஜெகதீஸ்வரி மெச்சுவாள். அழகம்மா குனிந்து நாற்றைப் பிரிப்பாள். பக்கத்தில் பின்வாங்கும் அந்தக் காலைவிடத் தன் கால் பிந்திவிடக் கூடாது என்பதிலேயே அவள் கவனமெல்லாம் இருக்கும்.