சுறாவுக்காக நான் சொன்ன பொய்

எம்பொண்ணுக்குத் தலைப்பிரசவம். அரியூர் பக்கம் பெரிய ஆஸ்பத்திரில பொண்கொழந்த பொறந்துச்சி. வூட்டுக்குக் கூட்டியாந்து ஒரு வாரம் ஆச்சி, தாய்க்குப் பால் பத்தல. கொழந்த ரெண்டு நிமிஷம் உறிஞ்சிப் பாக்கும், அப்புறம் வாய எடுத்துட்டு தெருவே திரும்பிப் பாக்கற மாதிரி அழுவும். திங்கக்கெழம எட போட்டுப் பாத்தாங்க, பொறந்தப்ப இருந்தத வுடக் கம்மி. நர்ஸம்மா திட்டல. வுடாம வாயில வெச்சிக்கினே இரு, நல்லா சாப்புடு, வெள்ளிக்கெழம திரும்பக் கொண்டா, அன்னிக்கும் ஏறலன்னா பவுடர் பால் பத்திப் பேசலாம்னு சொல்லி அனுப்பிச்சாங்க.

பவுடர் பால்னு காதுல வுழுந்ததும் எம்பொண்ணு அழ ஆரம்பிச்சவதான். பவுடர் குடிச்சி வளர்ற புள்ளைங்க நல்லாத்தான் வளருது, யாரு இல்லன்னா? ஆனா அவளுக்கு அது மண்டையில ஏறல. "நான் ஒரு தாயாப்பா"ன்னு கேட்டா. இதுக்கு பதில் சொல்ற அளவுக்கு நான் படிக்கல.

எங்கூட்டுக்காரி ஒரே வார்த்தையில முடிச்சிட்டா. பால் சுறா. கைமுழம் நீளம் இருக்கற சின்னச் சுறா அது. அவிச்சி, தோல உரிச்சி, முள்ள எடுத்து உதுத்து, பூண்ட அள்ளிப் போட்டுப் புட்டு மாதிரி வதக்கிக் குடுத்தா பால் ஊறும்னு எங்க பக்கம் எல்லாருமே நம்பறது. "ஞாயித்துக்கெழம ஆனா தூண்டிலத் தூக்கிக்கினு கடலுக்கு ஓடறியே, இத்தினி வருஷத்துல வூட்டுக்கு ஒரு மீனு வந்துச்சா? இப்பவாச்சும் எதனா கொண்டாயா"ன்னா.

அவ சொன்னது நெசந்தான். நான் கரும்பு லோடு டிராக்டர் ஓட்டறவன். கோடையில வெட்டு முடிஞ்சிடும், வண்டி சும்மா நிக்கும், நானும் சும்மா நிப்பேன். பாகூர்லேருந்து கெளம்பி கடலோரம் போயி தூண்டில் போடுவேன். சரியாச் சொல்லணும்னா, மீனுங்களுக்கு எறா வாங்கிப் போயி சோறு போட்டுட்டு வருவேன்.

இன்னொண்ணையும் ஒத்துக்கணும். நான் சந்தேகப் பேர்வழி. கோயில்ல பூசாரி துந்நூறு குடுத்தா, பக்கத்துல நிக்கறவனுக்கு எவ்ளோ குடுத்தாருன்னு எட்டிப் பாப்பேன். பள்ளிக்கூடம் ரெண்டாங்கிளாஸோட நின்னதுக்கும் இதான் காரணம். ரெண்டும் ரெண்டும் நாலுன்னு வாத்தியார் சொன்னாரு. சரி, இத நம்மகிட்ட வந்து எதுக்கு சொல்றாருன்னு யோசிச்சிக்கினே இருந்தேன், வருஷம் முடிஞ்சிடுச்சி.

அன்னிக்கு சாயந்தரமே மதகடிப்பட்டுக்கு வண்டிய வுட்டேன். மீன் விக்கற பொம்பள ஐஸ் பொட்டியத் தொறந்து, இந்தா சுறான்னு துண்டு போட்டு வெச்சிருந்ததக் காட்டுச்சி. தல எங்கன்னு கேட்டேன். வித்துப் போச்சாம். வாலு? அதுவும் வித்துப் போச்சாம். தலையும் இல்லாம வாலும் இல்லாம நடுவுல மட்டும் வந்த மீன நான் எப்பிடி நம்பறது? இது மீன்புடி தடைக்காலம் வேற. பெரிய போட்டுங்க எல்லாம் மொளைல கட்டிக் கெடக்கு. அப்ப இது எந்த ஊர் ஐஸுல எத்தினி நாளாப் படுத்துக் கெடக்குதோ. அந்தம்மா என்ன மேலயும் கீழயும் பாத்துட்டு பொட்டிய மூடிக்கிச்சி.

செவ்வாக்கெழம காலையில கடலோரம் மீன்காரங்க குப்பத்துக்குப் போனேன். தடைக்காலத்துல சின்ன பைபர் போட்டுங்க மட்டும்தான் போவும். அதுல ஒண்ணு எனக்குப் பழக்கமான மாப்ளயோடது. சொந்த மாப்ள இல்ல. எங்க வயல் வைக்கோல அவன் மாட்டுக்கு ஏத்திக் குடுத்து அப்பிடியே மாமா மாப்ளன்னு ஆயிடுச்சி. பால் சுறா வேணும் மாப்ளன்னேன். எதுக்கு மாமான்னான்.

இங்கதான் எம்புத்தி வேல செஞ்சிச்சி. புள்ள பெத்தவளுக்குன்னு சொன்னா, இவன் அவசரத்துல வந்துருக்கான், எதக் குடுத்தாலும் வாங்கிக்குவான்னு கணக்குப் போடுவாங்க. அழுகிப் போன மீனக் கூடத் தலையில கட்டிடுவாங்க. அவசரம் இல்லாத மாதிரி நிக்கணும்னு முடிவு பண்ணேன். கைலிய மடிச்சிக் கட்டிக்கினு, "சும்மாதான் மாப்ள, பசங்க ஒக்காந்து சரக்கு ஊத்திக்கறப்ப தொட்டுக்க"ன்னேன்.

ஓ, அப்பிடியான்னான். முகம் கொஞ்சம் ஒரு மாதிரி ஆச்சி. அத நான் பாத்தேன். பாத்துட்டு, வெல ஏத்தலாம்னு நெனச்சான், நாம மடக்கிட்டோம்னு சந்தோஷப்பட்டேன். என்னப் போல அறிவாளி எங்க பஞ்சாயத்துலயே கெடையாது.

அப்புறம் கடல் நெலவரம் சொன்னான். ஆழத்துல தண்ணி தெக்கேருந்து வடக்கால வேகமா ஓடுதாம், வலய வுட்டா சுருட்டிக் கயிறாக்கிடுதாம். கரையோரம் தண்ணி கண்ணாடியாட்டம் தெளிஞ்சி கெடக்குதாம், மீனு வலயப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடுதாம். பத்தாததுக்கு வலை பூரா சொறி, அந்தக் கொழகொழன்னு கண்ணாடிப் பை மாதிரி இருக்குமே, ஒடம்புல பட்டா தீயா எரியுமே, அது. சரி கரையில நின்னு எதனா புடிக்கலாமான்னு கேட்டா, பதினோரு மணிக்கு மேல தென்காத்து எழும்பி அலை ஆளையே தூக்கிப் போடுதாம். போன எடுத்துக் காட்டுனான். கடல் படத்து மேல காத்து நீலமும் செவப்புமா ஓடிக்கினு இருந்துச்சி, கல்யாண வூட்டு சீரியல் லைட்டு மாதிரி. போனே இவனுக்கு சாட்சி சொல்லுதேன்னு எனக்குத் தோணிச்சி. ஆழத்துக்கு ஒரு சாக்கு, கரையோரத்துக்கு ஒரு சாக்கு, கரைக்கு ஒரு சாக்கு. ஒரு மனுஷனுக்கு மூணு சாக்கு எதுக்கு? புடிக்கற சுறா எல்லாம் டவுன் ஓட்டலுக்குப் போவுதுன்னு முடிவே பண்ணிட்டேன்.

புதங்கெழம விடியறதுக்கு மின்னாடியே போயி படகு மறைவுல ஒக்காந்துகினேன். போட்டு ஒவ்வொண்ணா வந்துச்சி. மணல்ல மீனக் கொட்டி ஏலம் வுடற அக்கா அங்க ஒண்ணு, நாப்பத்தஞ்சி வயசு இருக்கும், கொரலு மட்டும் மைக் செட்டு. அது கூறு கூறாப் பிரிச்சி ஏலம் கூவிச்சி. எல்லாம் காரப்பொடி, சங்கரா, கொஞ்சம் நண்டு. நடுவுல ஒரு வலையிலேருந்து ரெண்டு சின்னச் சுறாவ எடுத்தானுவ. எங்கண்ணால பாத்தேன். அக்கா அத ஏலத்துல வெக்கல. தனிக் கூடையில போட்டு ஈரச் சாக்க மூடி, ஒரு பொம்பள தலையில தூக்கி வெச்சிச்சி. வெலையும் கேக்கல, பேச்சும் இல்ல. அந்தப் பொம்பள குடுகுடுன்னு குப்பத்துக்குள்ள போய்டுச்சி.

மறைவுலேருந்து எழுந்து ஓடினேன். அக்கா, அந்தச் சுறா எனக்கு வேணும்னேன். அது இல்லபான்னு சொல்லிட்டு நண்டுக்குக் கூவ ஆரம்பிச்சிச்சி. மாப்ள வேற எங்கயோ பாத்துக்கினு இருந்தான். எல்லாரும் கூட்டுன்னு ஆயிடுச்சி எனக்கு. பொம்பள பின்னாலயே நடந்தேன். நாலாவது சந்துல ஒரு வூட்டுக்குள்ள பூந்து கதவ சாத்திக்கிச்சி. கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன். ஒரு நாயி வந்து என்ன சந்தேகமா பாத்துச்சி. அதுக்கு அதுல உரிமை இருந்துச்சி, திரும்பி வந்துட்டேன்.

வூட்ல கொழந்த அழுதுக்கினே இருந்துச்சி. எம்பொண்ணு இன்னாப்பா ஆச்சின்னு கூட கேக்கல. வெறுங்கையப் பாத்துட்டு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினா.

வியாழக்கெழம நானே புடிக்கறதுன்னு கெளம்பினேன். ஆறு கடல்ல சேர்ற எடம் கோடையில மண்ணு மூடிக் கெடக்கும். அந்த மண்திட்டுல நின்னு தூண்டில வீசினேன். மாப்ள சொன்னது ஒவ்வொண்ணா வந்து நின்னுச்சி. தண்ணி அவ்ளோ தெளிவு, முட்டிக்குக் கீழ என் கால்வெரல் நகம் தெரியுது. ஒரு மீனு வந்து எறாவப் பாத்துச்சி, தூண்டில் நரம்பப் பாத்துச்சி, என்னப் பாத்துச்சி, போய்டுச்சி. ஈயக் குண்டு கட்டி வீசினா இழுப்பு அத வடக்கால தள்ளிக்கினே போவுது. பத்தரைக்கே தென்காத்து வந்து கண்ணுல மண்ண வாரிப் போட்டுச்சி. அப்ப ஒண்ணு மாட்டிச்சி. சுறாதான்னு கத்திக்கினு இழுத்தா, கெளுத்தி. கொக்கிய எடுக்கலாம்னு புடிச்சேன், முதுகு முள்ள எங்கட்டவெரல்ல எறக்கிட்டு தண்ணிக்குள்ள தாவிப் போய்டுச்சி.

கெளுத்தி முள்ளுல குத்து வாங்குனவனுக்குத்தான் தெரியும். தோள்பட்ட வரைக்கும் இழுத்துச்சி. கையப் புடிச்சிக்கினு அழுதுகிட்டே குப்பத்துக்கு நடந்தேன். வல பின்னிக்கினு இருந்த மாப்ள பாத்துட்டு ஓடியாந்தான். டீக்கடையில சுடுதண்ணி வாங்கி, பொறுக்கற சூட்டுல வெரல முக்கச் சொல்லி ஒக்கார வெச்சான். ஏலம் முடிச்சி டீ குடிச்சிக்கினு இருந்த அக்காவும் பக்கத்துல வந்து குந்திச்சி. தொட்டுக்கறதுக்கு ஒரு சுறாவுக்காவ இவ்ளோ பாடா மாமான்னு மாப்ள சிரிச்சான்.

வலியா, வேற எதனாவா தெரியல, வாய் தொறந்துகிச்சி. எல்லாத்தையும் சொல்லிட்டேன். பொண்ணு, பேத்தி, எட கொறஞ்சது, நாளைக்கு வெள்ளிக்கெழம, அவ செவுத்தப் பாத்துப் படுத்திருக்கறது. 

அக்கா டீ கிளாஸக் கீழ வெச்சிச்சி.

"யோவ், இத மொத நாளே சொல்றதுக்கு உனக்கு இன்னாயா கேடு?"

வெல ஏத்திடுவீங்கன்னு நெனச்சேங்கா, அதான் தொட்டுக்கன்னு பொய் சொன்னேன்னேன்.

"நாங்க அத விக்கறதே இல்லியே. எங்க கரையில பால் சுறா வந்தா ஏலத்துக்கு வராது. எந்த வூட்ல பச்சப்புள்ளக்காரி இருக்காளோ அங்க போயிடும். யாரும் இல்லன்னாதான் கூறு. செவ்வாக்கெழமையே ஒண்ணு இருந்துச்சி. நீ குடிக்கறதுக்குக் கேட்டியாம், இவன் வந்து சொன்னான். குடிக்கறவனுக்குத் தர்றதா, புள்ளக்காரிக்குத் தர்றதா?"

மாப்ள தலையாட்டுனான். அன்னிக்கு அவன் முகம் ஒரு மாதிரி ஆனது வெல போச்சேன்னு இல்ல. இவன் இவ்ளோதானான்னுதான். எம்பேத்திக்கு வரவேண்டிய சுறாவ நானே நின்னு தடுத்துருக்கேன். ஓட்டல்காரனும் தடுக்கல, கடலும் தடுக்கல. வெரல அந்த சுடுதண்ணியிலேருந்து எடுக்காம தலைய மட்டும் குனிஞ்சிக்கினேன்.

இன்னிக்கு வந்தது எதுவும் இல்ல, நாளைக்கு வரும்னு சொல்ல முடியாது, தண்ணி இப்பிடி ஓடறப்பன்னு அக்கா யோசிச்சிது. அப்புறம் எழுந்து நட போலாம்னுச்சி. நாலாவது சந்து. அதே வூடு. அதே நாயி.

உள்ள எம்பொண்ணு வயசுல ஒரு பொண்ணு மடியில புள்ளயோட ஒக்காந்து இருந்துச்சி. அதோட அம்மாதான் கூடயத் தூக்கிக்கினு வந்தது. நேத்து ரெண்டு வந்துதே, ஒண்ணு மீதி இருக்கான்னு அக்கா கேட்டுச்சி. அந்தம்மா எதுக்குன்னு கேட்டுட்டு, பதில் முழுசா வர்றதுக்குள்ளயே உள்ள போயி சுறாவ ஐஸு டப்பாவோட கொண்டாந்து எங்கையில வெச்சிச்சி. நான் இன்னா பண்ணேன் தெரியுமா? செவுள விரிச்சி செவப்பா இருக்கான்னு பாத்தேன். கை தானாப் போய்டுச்சி. அந்தப் பொண்ணு வாயப் பொத்திக்கினு சிரிச்சிது. "மோந்தும் பாத்துடுபா"ன்னு அக்கா சொல்லிச்சி. நான் மோந்தும் பாத்தேன்.

வூட்டுக்கு வந்தா எங்கூட்டுக்காரி அதத் திருப்பித் திருப்பிப் பாத்து, தோல நகத்தால சொரண்டி, இது பால் சுறாதானா, யாரனா ஏமாத்திட்டாங்களான்னு கேக்கறா. முப்பது வருஷம் எங்கூட குடும்பம் நடத்துனா வேற எப்பிடி இருப்பா. அன்னிக்கு மத்தியானமும் ராத்திரியும் புட்டு, வெள்ளிக்கெழம காலையிலயும் புட்டு. எம்பொண்ணு பூண்டு நாத்தத்துல மூக்கச் சுளிச்சிக்கினே தட்ட வழிச்சா. கொழந்தைய வுடாம வாயில வெச்சிக்கினே இருந்தா. விடியக்காலையில கொழந்த ஒரு தடவ அழாம தூங்கிச்சி. நான் போயி மூச்சு வருதான்னு மூக்குல வெரல வெச்சிப் பாத்தேன். வெளிய போப்பான்னா.

ஆஸ்பத்திரியில நர்ஸம்மா கொழந்தையத் தராசுல வெச்சாங்க. நாங்க மூணு பேரும் அந்த நம்பரையே பாத்துக்கினு நின்னோம். எனக்கு நம்பர் மட்டும் தெரியும். திங்கக்கெழம இருந்தத வுட ஏறியிருந்துச்சி. ரொம்ப இல்ல, ஆனா ஏறியிருந்துச்சி. பவுடர் வேணாம், இப்பிடியே குடுங்க, அடுத்த வாரம் பாக்கலாம்னாங்க. சுறாவாலயான்னு கேட்டேன். கொழந்த உறிஞ்ச உறிஞ்சத்தான் ஊறும், நல்ல சாப்பாடும் வேணும், சுறாவும் சாப்பாடுதானேன்னு சிரிச்சாங்க. பிடி கொடுக்காத பதிலு.

எனக்கு மனசு ஆறல. துணியோட சேத்து வெச்சிட்டாங்களோ, தராசுல எதனா கோளாறோன்னு ஓடிக்கினே இருந்துச்சி. இன்னொரு வாட்டி வெச்சிக் காட்டும்மான்னு கேட்டுட்டேன். நல்ல பொண்ணு அது, கோவிச்சிக்கல, துணிய எடுத்துட்டு தராச சரி பண்ணித் திரும்ப வெச்சிது. அதே நம்பர்.

எம்பொண்ணு தராசுலேருந்து கொழந்தைய வாரி எடுத்து நெஞ்சோட அணைச்சிக்கினா. கொழந்த பொறந்த நாளுலேருந்து மொத தடவையா அவ பல்லு தெரிய சிரிச்சா. "ப்பா, போதும்பா"ன்னா. மூணாவது வாட்டி வெச்சிப் பாருன்னு என் வாய் வரைக்கும் வந்துச்சி. முழுங்கிட்டு, அவளுக்குக் கதவத் தொறந்து வுட்டேன்.