ஒசியேலின் பெயரில் ஆடினேன்

இதைக் கதை என்று நினைத்துப் படிக்காதீர்கள். எங்கள் தீவின் கடலோர ஊரான பொக்கா சிக்காவில், அமெரிக்க பேஸ்பால் அணி ஒன்று எங்களைப் போன்ற பையன்களுக்கு நடத்தும் முகாமில், எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் மேல் கோபமில்லை. என்னைப் பெற்றவளே இன்னும் நம்பவில்லை, உங்களை என்ன சொல்ல?

என் பெயர் யெஃப்ரி. அணிப் பதிவேட்டில் ஒசியேல். எங்கள் ஊரில் இது புதிதில்லை. பத்தொன்பது வயதுக்காரனை அமெரிக்க அணிக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பதினாறு என்றால் ஓடி வருவார்கள். அதனால் எனக்குப் பயிற்சி கொடுத்த டோன் சாகோ, என்னைவிட மூன்று வயது சின்னப் பையன் ஒருவனின் பிறப்புச் சான்றிதழை எங்கிருந்தோ கொண்டுவந்தார். "அந்தப் பய கள்ளப் படகுல போர்ட்டோரிக்கோ போயிட்டான். திரும்ப மாட்டான். இனி நீதான் ஒசியேல்" என்றார். அணியிலிருந்து விசாரிக்க ஆள் வருவான் என்று அவன் அம்மா பெயர், பள்ளிக்கூடம், ஞானத்தகப்பன் பெயர் எல்லாவற்றையும் ஒப்பிக்க வைத்தார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அப்படித் தில்லுமுல்லு செய்து சேர்ந்தவன், இரண்டாவது வருஷம் பதினோரு ஆட்டமாக ஒரு பந்தைக்கூட உருப்படியாக அடிக்கவில்லை. சனிக்கிழமை ஆட்டம்தான் கடைசி வாய்ப்பு. ஞாயிறு காலை ஆட்களைக் கழிப்பார்கள். யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. உடை மாற்றும் அறையில் நம் அலமாரியில் துவைத்த சட்டை தொங்கினால் அணியில் இருக்கலாம். தொங்காவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். வீட்டில் அம்மாவும் நாலு தங்கைகளும் என்னையே நம்பி இருந்தார்கள். எனக்கோ வேறு ஒரு வேலையும் தெரியாது.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது என் அறையில் இருக்கும் தெயூரிஸ், "நல்லா தின்னுக்கடா. ஞாயித்துக்கிழமையிலேர்ந்து உங்கம்மா சமையல்தான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தட்டை அப்படியே வைத்துவிட்டு, பேட்டை எடுத்துக்கொண்டு அடித்துப் பழகும் வலைக்கூண்டுக்குப் போனேன். மணி மாலை 6.40.

பந்து வீசும் இயந்திரத்தைப் போட்டேன். இருபது பந்துக்கு மூன்றுதான் பட்டது. 7.05க்கு மின்சாரம் போனது. தினமும் போவதுதான். இயந்திரம் முனகி நின்றது.

விஷ்ஷ்... டொப்!

ஒரு பந்து என்னைத் தாண்டிப் பின்வலையில் விழுந்தது.

எதிர்முனையில் மெலிந்த உருவம் ஒன்று நின்றது. மங்கலில் முகம் தெரியவில்லை. தெயூரிஸ் வேலை என்று நினைத்தேன். ஆனால் பந்து இடது கையிலிருந்து வந்தது. எங்கள் அணியில் இடது கையால் வீசுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவன் தோளில் கட்டோடு படுத்திருந்தான். இன்னொருவன் காலையிலேயே ஊருக்குப் போய்விட்டான்.

"யாருடா அது?"

"ஒசியேல்."

"டேய், ஒசியேல் நான்டா. வெளையாடாத."

அடுத்த பந்து வந்தது. தவறவிட்டேன். குனிந்து எடுத்தேன்... சொட்டச் சொட்ட ஈரம். ஒரு வாரமாக மழையே இல்லை.

"அம்மா பேரு?" என்றது குரல்.

விசாரிக்க வந்தவன் கேட்ட அதே மாதிரி. என் வாய் தானாகச் சொன்னது. "மிரேயா."

"பள்ளிக்கூடம்?"

சொன்னேன்.

"ஞானத்தகப்பன்?"

சொன்னேன்.

"தண்ணிக்குள்ள எவ்வளவு நேரம் இருந்தேன்?"

அதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பயத்தைவிட ஞாயிற்றுக்கிழமை பயம் பெரிதாக இருந்தது. அழுதுவிட்டேன். "நீ யாரா வேணா இரு... எனக்கு அடிக்க வரல. துரத்திடுவாங்க. ஏதாவது பண்ணு..."

"மாறி நில்லு."

நான் வலது கைக்காரன். மறுபக்கம் நின்று பேட்டைத் தொட்டதே இல்லை.

மாறி நின்றேன்.

டக்!

டக்!

டக்!

ஒன்றுகூடத் தவறவில்லை... ஆனால் அடித்தது நான் இல்லை. இடது கைதான் இழுத்தது. வலது கை பேட்டில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது.

7.31. விளக்கு எரிந்தது.

எதிரே யாரும் இல்லை.

சனிக்கிழமை 10.30 ஆட்டத்தில் இடது கைக்காரனாக நின்றேன். நாலு முறை பேட் பிடிக்கப் போனேன், நாலு முறையும் அடித்தேன். "இத்தன நாள் இத எங்கடா ஒளிச்சு வெச்சிருந்த?" என்று பயிற்சியாளர் முதுகில் தட்டினார். ஞாயிறு காலை என் சட்டை தொங்கியது. அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

திங்கட்கிழமை வலது கை விரல்கள் மரத்துப்போயின. செவ்வாய்க்கிழமை பந்தைப் பிடித்து எறிய முடியவில்லை. கை எந்நேரமும் சில்லென்று இருந்தது. மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு, நரம்பு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். பந்தை எறிய முடியாதவனை வைத்துக்கொண்டு அணி என்ன செய்யும்? வியாழக்கிழமை காலை என் சட்டை தொங்கவில்லை.

வீட்டுக்குப் போக முகம் இல்லை. விசாரித்துக்கொண்டு ஒசியேலின் அம்மா டோன்யா மிரேயா வீட்டுக்குப் போனேன். அதுவரை அவளை நான் பார்த்ததில்லை. வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் யார் என்பதையும், அவள் மகன் போர்ட்டோரிக்கோ போனதாகக் கேள்விப்பட்டதையும் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"போர்ட்டோரிக்கோவா? என் புள்ள வாய்க்கால் மதகுல முங்கிச் செத்து மூணு வருஷமாச்சு தம்பி. சாவப் பதிய வேணாம்னு சாகோதான் சொன்னாரு."

"அவனுக்கு... இடது கைப் பழக்கமா?"

"இல்லியே. எல்லாம் வலது கைதான்." என் வலது கையையே பார்த்தாள். "அது மதகுக் கதவுல மாட்டிக்கிச்சு. ஆளத்தான் எடுக்க முடிஞ்சுது. அந்தக் கை இல்லாமத்தான் பொதச்சோம்."