மீன் வண்டியில் வந்து இறங்கினேன்

கன்னியாகுமரியிலிருந்து கிருமாம்பாக்கம் வரை பஸ்ஸே ஏறாமல், வழியில் கை காட்டி லிஃப்ட் கேட்டே வருவேன் என்று அண்ணனிடம் சவால் விட்டிருந்தேன். லாரியும் காருமாகக் கடலூர் வரை வந்துவிட்டேன். அங்கேதான் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றும் ஒருவனும் நிறுத்தவில்லை. ஆத்திரமாக வந்தது. கடைசியில் மீன்காரப் பெண்கள் வந்த லோடு ஆட்டோ நின்றது.

“ஏறும்மா. மீன் கூடையோட நின்னா எங்களயுந்தான் எந்த பஸ்காரனும் ஏத்த மாட்டான். ரோட்டுல நிக்கிற கஷ்டம் எங்களுக்குத் தெரியாதா?” என்றார் ஒரு அக்கா.

கூடைகளுக்கு நடுவே குந்தி வந்து, எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் இறங்கினேன். நான் பஸ்ஸில் வருவேன், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று காத்திருந்த அண்ணன் மூக்கைப் பொத்தினான்.

“இன்னாடி, இப்டி நாறுற?”

“நல்லா மோந்து பாரு. இந்த நாத்தத்தோட என்னை எந்த பஸ்ல ஏத்துவான், சொல்லு!”