குரல் போதாத நாட்கள்

வகுப்பில் ‘மூலக்கூறு’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். பாதிச் சொல்தான் வந்தது. மீதி வெறும் காற்றாகப் போனது. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுச் சொல்லைப் பலகையில் எழுதினேன்.

சளித் தடிமனாக்கும் என்று கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். காலையில் கொஞ்சம் குரல் இருக்கும். மாலை ரியூசன் வகுப்பு முடியும்போது கரகரப்பு மட்டும் மிஞ்சும். அப்படியே மாதக்கணக்கில் ஓட்டினேன். உங்கள் குரல் சில வாரங்களாகக் கம்மியிருந்தால், தயவுசெய்து என்னைப்போல் காத்திருக்காதீர்கள்.

கணவர்தான் பிடிவாதமாகத் தொண்டை வைத்தியரிடம் கூட்டிப்போனார். வைத்தியர் மூக்கு வழியாக மெல்லிய கமெராக் குழாயை விட்டுப் பார்த்தார். குரல்நாண் முடிச்சு (ஓயாமல் உரத்துப் பேசுவதால் குரல்நாணில் உண்டாகும் தடிப்பு) என்றார். புற்றுநோய் இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் உட்கார்ந்திருந்த கதிரையின் கைப்பிடியை விட்டேன்.

“ரீச்சர், நீங்கள் எப்ப கதைக்காமல் இருப்பியள்?”

“நித்திரையிலை.”

அவர் சிரிக்கவில்லை. “உப்பிடியே போனால் படிப்பிக்கவே ஏலாமல் வரும். முதலிலை சில நாள் வாய் திறக்கக்கூடாது. பிறகு பயிற்சி. அதுக்கும் குறையாட்டி சத்திரசிகிச்சையைப் பற்றி யோசிப்பம்.”

அந்த மௌன நாட்களில் ஒன்று தெரிந்தது. வீட்டில் நான் பேசியதெல்லாம் ‘எடு, வை, கெதியா வா’ என்பவைதான். அவற்றைச் சொல்லாமலே வீடு நடந்தது.

பிறகு பேச்சுச் சிகிச்சையாளரிடம் (குரலைச் சரியாகப் பயன்படுத்தப் பழக்குபவர்) போனேன். வயிற்றில் கையை வைத்து மூச்சைக் கவனிக்கச் சொன்னார். பேசுவதற்கு முன் தொண்டை இறுகுகிறதா என்று பார்த்து, இறுகினால் தளரும்வரை பொறுக்க வேண்டும். பயிற்சிக்கு நடுவே கேட்டார்:

“குரல் கொஞ்சந்தான் இருக்கெண்டால், ஆருக்குக் குடுப்பியள்?”

“படிக்கிற பிள்ளையளுக்கு. வீட்டு ஆக்களுக்கு.”

“இப்ப வீட்டு ஆக்களுக்கு மிஞ்சுதோ?”



விடிகாலை ரியூசனையும் ஞாயிறு வகுப்பையும் விட்டேன். பெற்றோர் சிலர் கோபித்தார்கள். வகுப்பில் சின்ன ஒலிவாங்கி மாட்டிக்கொண்டேன். பேசுவதற்கு முன் ஒரு மூச்சு. அதற்குள் பாதி ஏச்சுத் தானாகவே கரைந்துவிடும். எல்லா நாளும் அப்படி நடக்கவில்லை. ஒரு கலியாண வீட்டில் மேளச் சத்தத்துக்கு மேலாகக் கதைத்து, அடுத்த சில நாட்கள் மறுபடி ஊமையானேன். வெட்கத்தோடு முதலிலிருந்து தொடங்கினேன்.

எங்களோடு ஐயாவும் இருக்கிறார். என் தகப்பனார், நீர்வேலியில் வாழைத் தோட்டம் செய்தவர். காது மந்தம். கத்தினால்தான் கேட்கும் என்று நாங்கள் எல்லோரும் முடிவுகட்டியிருந்தோம். ரியூசன் முடிந்து களைத்து வருபவளுக்குக் கத்தத் தெம்பிருக்காது. தேத்தண்ணியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவேன்.

இப்போது கத்தவே கூடாது. ஒரு பின்னேரம் கதிரையை இழுத்து அவர் காதருகே இருந்தேன். மூச்சு எடுத்து, தாழ்ந்த குரலில், ஒவ்வொரு சொல்லாக, “ஐயா, தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ, இன்னும் போடவோ?” என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

“இப்பதான் பிள்ளை நீ சொல்லுறது விளங்குது. முந்தி வெறும் சத்தந்தான் கேட்டது.” பிறகு கேட்டார்: “என்னோடை என்ன கோவம்? கனநாளாய்க் கதைக்கேல்லை.”

எனக்குத் தொண்டை வருத்தம் வந்ததை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. நானுந்தான்.

“கோவம் இல்லை ஐயா. தொண்டையிலை வருத்தம்.”

முழுவதையும் சொன்னேன். அவர் என் கழுத்தை விரலால் தொட்டு, “நோகுதோ?” என்றார். “இப்ப இல்லை,” என்றேன்.

முடிச்சு சுருங்கியிருக்கிறது. சத்திரசிகிச்சை தேவையில்லை என்கிறார்கள். ஆனால் பழைய குரல் திரும்பவில்லை. இது தாழ்ந்தது, கொஞ்சம் காற்றுக் கலந்தது. தொலைபேசியில் கேட்பவர்கள் வேறு யாரோ என்று நினைக்கிறார்கள்.

பேசுவதற்கு நேரம் எடுக்கிறது. மூச்சு உள்ளே போய், வயிறு உயர்ந்து, தொண்டை தளரும்வரை சொல் காத்திருக்கிறது. முன்பு அந்த இடைவெளியில் நான் அடுத்த வேலைக்கு ஓடியிருப்பேன். இப்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.