தவளை காட்டிய கிணறு

காணி கிடைத்து வன்னியிலுள்ள வட்டக்கச்சிக்கு வந்த முதல் வருடம் எங்களுக்குக் கிணறு இல்லை. வாய்க்கால் தண்ணீர்தான் குடித்தோம். கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம் நிற்கவேயில்லை. "மாரிக்கு முதல் கிணறு வெட்டாட்டில் பிள்ளையை என்னட்டைத் தந்திடு" என்று யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா சொல்லி அனுப்பியிருந்தா.

என் கணவர் வளவின் மேற்கு மூலையில் வெட்டத் தொடங்கினார். எட்டு முழத்தில் மண் குளிர்ந்தது, தண்ணீர் கிட்ட என்று அர்த்தம். அந்த நேரம் பார்த்து, வீட்டுக்குப் பின்னால் தென்னங்கன்றுக்கு வெட்டிய குழியில் ஒரு தவளை வந்தது. நிலம் வெடித்துக் கிடந்த ஆவணி மாதம். தென்னங்குரும்பட்டி போல உருண்டை, கழுத்தே இல்லை. அவர் கையில் எடுத்ததும் தெளிந்த தண்ணீராகப் பீச்சியது.

"இஞ்சாரும், ஓடி வாரும்! பக்கத்திலை ஊத்து இருக்கிறபடியால்தானே தண்ணி விடுது?"

"அப்ப அங்கை வெட்டின எட்டு முழம்?"

"அதை விடும். இது தானா வந்தெல்லே காட்டுது!"

நானும் ஓம் என்றேன். யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரில், தவளை என்றால் கிணற்றுக்குள் கிடப்பதுதான்.

புது இடத்தில் பன்னிரண்டு முழத்தில் கருங்கல் வந்தது. வன்னியிலேயே பிறந்து வளர்ந்த தயிர்க்காரி எட்டிப் பார்த்து, கதையைக் கேட்டுச் சிரித்தாள்.

"உது மழை விட்டவுடனை பின்காலாலை மண்ணைக் கிண்டி, குண்டிப்பக்கமா உள்ளுக்கை இறங்கிற சாமான், பிள்ளை. போன மாரித் தண்ணியை வயித்துக்கை வைச்சுக்கொண்டு அடுத்த மாரி மட்டும் கிடக்கும். அதின்ரை மூத்திரத்தை நம்பியே கிணறு வெட்டினியள்?"

பிறகு என் முகத்தைப் பார்த்தாள். ஒரு முட்டித் தயிரைச் சும்மா வைத்துவிட்டுப் போனாள்.

மேற்கு மூலைக்குத் திரும்ப நாள் இருக்கவில்லை. ஐப்பசி மழையில் இரண்டு குழியும் இடிந்தன. அக்கா வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன அன்று பின்னேரமே தவளைகள் மண்ணைப் பிளந்து வந்துவிட்டன. வயிற்றை ஊதி, குழித் தண்ணீரில் மிதந்துகொண்டு, தொண்டை அடைத்த ஆடு மாதிரிக் கத்தின. "கத்துங்கோடா, நல்லாக் கத்துங்கோ" என்றார் அவர், வாசலில் இருந்து. விடிய, சவ்வரிசி கொட்டியது போல முட்டை. வாற்பேத்தைகள் கால் முளைத்து, குஞ்சுத் தவளைகளாய் மண்ணுக்குள் இறங்கும்வரை அந்தக் குழிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேறு வேலை இல்லை.

மேற்கு மூலையில் கிணறு கட்டி முடிய இரண்டு வருடம் சென்றது. நல்ல தண்ணீர். பிள்ளையைக் கூட்டிவரப் போனேன். அவள் அக்காவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டு, அக்காவைப் பார்த்துக் கேட்டாள்:

"அம்மா, ஆர் இவா?"

தனியாகத்தான் திரும்பினேன்.