கையில் பிடித்த ஃபோல்டர்

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருக்கு நிதானம் என்று பெயர். வைத்தது அவருடைய அண்ணி. வீட்டைப் பூட்டிவிட்டு நாலு அடி நடந்து, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். அப்படிப்பட்டவருக்கு எந்த வேலை வாய்க்க வேண்டுமோ அதுதான் வாய்த்தது: கூடத்துக் கம்ப்யூட்டர்களைக் கட்டிக் காப்பது. மனிதர் அதில் வெகு சந்தோஷமாக இருந்தார். சம்பளம் வாங்கிக்கொண்டு சந்தேகப்படலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிற கூடம் அது. சுவர் முழுக்கப் பஞ்சு வைத்த சின்ன அறை, நடுவில் ஒரு மைக், முனகாத நாற்காலி. அண்ணி அங்கே வாசிப்பவர். சண்டைக்கு வந்தவன்கூட அவர் குரலைக் கேட்டால் உட்கார்ந்துவிடுவான். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்து தொலைத்தது. திங்கட்கிழமை ஆபரேஷன். “குரல் வரும், ஆனா இதே குரல் வரும்னு என்னால சொல்ல முடியாது” என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அண்ணி ஒரு பெரிய நாவலை எடுத்துவைத்துக்கொண்டு, பிடிவாதமாக வாசித்து முடித்தார். இந்தக் குரலில் இதுதான் கடைசிப் புத்தகமாக இருக்கலாம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்து சர்வரில் இடம் தீர்ந்தது.

வாசிப்பவர் ஒவ்வொருவருக்கும் அதில் இரண்டு ஃபோல்டர் உண்டு. தடுமாறியது, இருமியது எல்லாம் கிடப்பது ‘கச்சா’. வெட்டி ஒட்டிச் சுத்தமாக்கியது ‘முடிந்தது’. புத்தகம் முடிந்தால் கச்சாவைப் ‘பெருக்குபவர்’ பெயருக்கு மாற்றி, வேறு யாரும் உள்ளே நுழையாதபடி அனுமதியையும் மாற்ற வேண்டும். பெருக்குபவர் மனிதர் அல்ல, ஒரு புரோகிராம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து, தன் பெயரில் இருப்பதையெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டுப் போய்விடும். அப்புறம் காலில் விழுந்தாலும் கிடைக்காது. நகல் எடுப்பதோ சனிக்கிழமைதான்.

பெயர் மாற்றுகிற வேலையை யாரோ எப்போதோ சி மொழியில் எழுதிவைத்த ஒரு புரோகிராம் செய்துகொண்டிருந்தது. அது முதலில் எல்லா ஃபோல்டரையும் ஒரு சுற்று பார்க்கும்: நிஜமான ஃபோல்டர்தானா, சொந்தக்காரர் சரியா என்று. பார்த்து முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மாற்றும். இரண்டு சுற்றுக்கும் நடுவே ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அதற்குள் அதே பெயரில் வேறொன்றை யாராவது வைத்துவிட்டால்? அதற்கு என்ன தெரியும், பாவம். பெயர் சரியாக இருக்கிறது, மாற்றிவிடும்.

நிதானம் அதைப் பிரித்துப்போட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்தார். முதலில் ஃபோல்டரைத் திற. வேறொரு இடத்தைக் காட்டுகிற லிங்க்காக இருந்தால் திறக்காதே. திறந்ததைக் கையிலிருந்து விடாதே. கையில் இருப்பது யாருடையது என்று பார். சரியென்றால் மற்றவர்களுக்கான அனுமதியை நிறுத்து, பிறகு சொந்தக்காரரை மாற்று, கடைசியில் புது அனுமதியைக் கொடு. எல்லாம் கையில் பிடித்திருப்பதன் மேலேயே நடக்க வேண்டும், பெயரைச் சொல்லி மறுபடி கூப்பிடவே கூடாது. இதை எழுதுவதற்குள் அந்த வாரமே ஓடிவிட்டது.

“இன்னும் முடியலையா தம்பி? நான் ஒரு நாவலையே முடிச்சுட்டேன். உங்களால ஒரு பக்கம் எழுத முடியலையா?” என்றார் அண்ணி.

“ஒன்றரைப் பக்கம், அண்ணி.”

வெள்ளிக்கிழமை காலையில் மேலாளர் வந்து நின்றார். “பழசையே ஓட்டிடுங்களேன். இத்தனை நாளா என்ன குடி முழுகிப் போச்சு?”

“இத்தனை நாளா முழுகல சார். மத்தியானம் வரைக்கும் பொறுங்க.”

சாப்பாட்டுக்கு முன்னால் எல்லா ஃபோல்டரையும் தன் கண்ணாலேயே ஒருமுறை பார்த்துக்கொண்டார். சாப்பிட்டு வந்து புதுப் புரோகிராமை ஓட்டினார். மளமளவென்று போனது, அண்ணியின் கச்சாவில் வந்து நின்றது. ‘இது லிங்க். தொடவில்லை’ என்றது.

“பாத்தீங்களா, புதுசு மக்கர் பண்ணுது” என்றார் மேலாளர்.

நிதானத்துக்கே எரிச்சல்தான். சற்று முன் பார்த்தபோது ஃபோல்டராகத்தானே இருந்தது? லிங்க் எங்கே போகிறது என்று பார்த்தார். அண்ணியின் ‘முடிந்தது’. பழைய புரோகிராம் ஓடி, அதன் இரண்டு சுற்றுக்கு நடுவே இந்த லிங்க் வந்திருந்தால், நாவல் முழுவதையும் பெருக்குபவர் பெயருக்கு எழுதிக் கொடுத்திருக்கும். சாயங்காலம் பெருக்குபவர் வந்து சுத்தமாகத் துடைத்திருக்கும்.

லிங்க்கை வைத்தவர் பெயர் அதிலேயே இருந்தது: அண்ணி. வெட்டி ஒட்டுகிற எடிட்டர் எதையும் கச்சாவில்தான் தேடுவார், காணோமென்றால் கத்துவார். இடம் போதவில்லையே என்று அண்ணி கச்சாவைத் தானே அழித்துவிட்டு, எடிட்டர் திண்டாடாமல் இருக்க அதே பெயரில் ஒரு லிங்க்கை வைத்திருக்கிறார். நல்லது செய்யப் போய் வந்த வினை.

“யாரோ தெரியாம வச்சிருக்காங்க சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு, நாவலுக்கு அப்போதே ஒரு நகல் எடுத்தார். ஆபரேஷனுக்குப் போகிறவரிடம் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? மேலாளரோ, ஒரு லிங்க்கால் நாவலே அழியப் பார்த்தது என்று கூடம் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டார். அன்று வீடு திரும்பும்போது அண்ணி வழியெல்லாம் பேசவே இல்லை. தொண்டை வலிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டார் நிதானம்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. சில வாரம் கழித்து டாக்டர் அனுமதி கொடுத்தார்: இன்றைக்கு நாலே வார்த்தை. எல்லோரும் ஒரே வீடு, சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அண்ணிக்கு நேர் எதிரே இடம் பிடித்திருந்தார். அண்ணி அவரைப் பார்க்காமல் கொழுந்தனார் பக்கம் திரும்பினார்.

“அந்த லிங்க்கை நான்தான் வச்சேன்.”

கரகரவென்று, ஒரு படி இறங்கிய குரல். பழைய குரல் இல்லை.

“தெரியும் அண்ணி. அதுல உங்க பேருதான் இருந்துச்சு.”

அண்ணி வாயைத் திறந்தார், மூடினார். கேட்க வார்த்தை மிச்சமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே, கரண்டியால் அவர் கையில் ஒன்று போட்டார்.

“ஏம்மா, இத்தனை வாரமா காத்துக் கெடந்தேன். எனக்கு ஒண்ணுமே இல்லையா?” என்றார் அண்ணன், நிஜமான வருத்தத்தோடு.

நிதானம் போனை எடுத்து மேஜை நடுவில் வைத்து நாவலை ஓடவிட்டார். முதல் அத்தியாயம், பழைய குரலில் தொடங்கியது. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணி தலையைச் சாய்த்து, வேறு யாரோ வாசிப்பதுபோலத் தன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தியாயம் முடியும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.